அடியில் பொட்டு வைத்த பாட்டில்

எங்கள் கடையில் சரக்குத் தரம் பிரிக்கும் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் பொடிசாக இருக்கும் எண்ணை அவர் பார்ப்பதே இல்லை. பாட்டிலைத் தலைகீழாகத் திருப்புவார். அடியின் நடுவில் கட்டைவிரலால் ஒரு தடவு. அடுத்த நொடி அது வலப்பக்கச் சாக்கிலோ இடப்பக்கச் சாக்கிலோ விழும். “பொட்டு இருந்தா பெட்டு, கோடு இருந்தா வேற. இதுல என்ன இருக்கு?” என்பார்.

அவர் கணக்கு சரி என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஏன் சரி என்று புரியத்தான் பல வருஷமானது. தண்ணீர் பாட்டிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலும் பெட் என்கிற பிளாஸ்டிக். அதைச் செய்யும்போது முதலில் சோதனைக்குழாய் மாதிரி தடிப்பான ஒரு குழலை வார்க்கிறார்கள். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் இறங்கிய துளையின் தழும்புதான் அந்தப் பொட்டு. பிறகு குழலைச் சூடாக்கி, காற்றடித்து, பாட்டிலாக ஊதுகிறார்கள். பொட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஷாம்பூ, பினாயில் பாட்டில்களைப் பெரும்பாலும் வேறு விதமாகச் செய்கிறார்கள். மேலிருந்து இறங்கும் இளகிய பிளாஸ்டிக் குழாயை இரண்டு பாதி அச்சுகள் இருபுறமும் வந்து கவ்வும். கவ்விய இடம் அடியில் கோடாகத் தெரியும். பாட்டிலுக்குத்தான் இந்தக் கணக்கு. டப்பாவுக்கும் மூடிக்கும் செல்லாது.

மதுரை செல்லூரில் எங்களுடையது பழைய பேப்பர், பழைய இரும்புக் கடை. அப்பா மூன்று சக்கர வண்டியில் தெருத்தெருவாகப் போய் ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தில் ஆரம்பித்தது. அப்போது வண்டியில் வந்ததெல்லாம் ஓட்டை அண்டா, துருப்பிடித்த கம்பி, பழைய நோட்டு, செய்தித்தாள். இன்று கடைக்கு வரும் மூட்டையை அவிழ்த்தால் பாதிக்கு மேல், ஏதோ ஒன்றைச் சுற்றி வந்த உறைதான். பால் வந்த கவர், பிஸ்கட் வந்த தாள், செல்போன் வந்த அட்டைப்பெட்டி, பிரியாணி வந்த டப்பா.

கொண்டுவருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “இதெல்லாம் எடுப்பீங்களாக்கா?” இந்தப் பொருள் மறுசுழற்சி ஆகுமா என்பதைக் கடைப்பேச்சில் அப்படித்தான் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்று நான் நம்புகிறேன். ஆய்வுக்கூடத்தில் உருக்கி எடுக்க முடிகிற பொருளாக இருந்தாலும், தெருமுனைக் கடைக்காரர் தராசில் வைக்காவிட்டால் அது குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

படித்தவர்கள் சிலர் கோபமாகவே வருவார்கள். “சுத்துற அம்புக்குறி போட்டிருக்கே, ஏன் எடுக்க மாட்டேங்கிறீங்க?” அந்த அம்புக்குறிக்கு ஒரு கதை உண்டு. 1970-ல் அமெரிக்காவில் ஒரு அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காக கேரி ஆண்டர்சன் என்ற 23 வயது மாணவர் வரைந்தது அது. 1988-ல் அங்குள்ள பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதே போன்ற அம்பு முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டுப் பொருள்களில் அச்சிட ஆரம்பித்தது. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது என்ன வகைப் பிளாஸ்டிக். திரும்ப உருக்கப்படும் என்று அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஜனங்கள் குழம்புகிறார்கள் என்றுதான் 2013-ல் அந்த எண்களுக்கான தரவிதியில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். ஆனாலும் பழைய அச்சுகளிலிருந்து அம்பு போட்ட டப்பாக்கள் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

நாங்கள் பார்ப்பது வேறு. ஒரே பொருளால் ஆனதா? சுத்தமாக இருக்கிறதா? சேர்த்தால் எடை நிற்குமா? இந்த மூன்றும் இருந்தால் அதற்கு எங்கேயாவது ஒரு ஆலை காத்திருக்கும்.

பெட் பாட்டிலுக்கு மூன்றும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சுமார் 20 கிராம். ஐம்பது சேர்ந்தால் ஒரு கிலோ. கரூர்ப் பக்கம் இதை அரைத்துக் கழுவி, உருக்கி, இழையாக இழுக்கிறார்கள். இழை நூலாகி, நூல் துணியாகிறது. பாலியஸ்டர் என்று நாம் உடுத்துவதும் தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள்தான். பாட்டிலைச் சட்டையாக்குவதில் மாயம் எதுவும் இல்லை.

மூடியைக் கழற்றணுமா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து நீங்களே பார்க்கலாம். பாட்டிலில் ஒரு துண்டு, மூடியில் ஒரு துண்டு வெட்டி அதில் போடுங்கள். குமிழி ஒட்டாமல் விரலால் அழுத்தி விடுங்கள். பாட்டில் துண்டு அடிக்குப் போகும், மூடித் துண்டு மிதக்கும். ஆலையிலும் இதேதான் நடக்கிறது. அரைத்த துண்டுகளைத் தொட்டியில் கொட்டினால் மூடி மேலே வந்துவிடும். வழித்தெடுத்துத் தனியாக விற்கிறார்கள். அதனால் மூடி பெரிய குற்றமில்லை. மூடியை இறுக்கி மூடி உள்ளே பாதித் தண்ணீரோடு கொடுப்பதுதான் குற்றம். பாட்டிலை நசுக்கவும் முடியாது, எடையும் பொய்யாகிவிடும்.

தண்ணீரிலும் பிரியாத எதிரி ஒன்று உண்டு. பி.வி.சி. அதுவும் பெட் மாதிரியே மூழ்கும், பெட் மாதிரியே கண்ணாடியாக மின்னும். சில வருஷத்துக்கு முன் ஒரு ஆலைக்கு லோடு அனுப்பினோம். அவர்கள் அதில் ஒரு பேல் கட்டைப் பிரித்தார்கள். பாட்டில்களுக்கு நடுவே பொம்மை வந்த பளபளப்பான பெட்டிகள் கைநிறையக் கிடைத்தன. மொத்த லோடுக்கும் விலையில் கால்வாசி வெட்டிவிட்டார்கள். அன்று எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே பி.வி.சி. கருகி அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பெட்டின் பலத்தையே அறுத்துவிடும்; இழை இழுக்கும்போது பட்பட்டென்று அறுந்து போகும். கொஞ்சம் கலந்தாலும் ஒரு கொப்பரை கெட்டது போலத்தான். அன்றிலிருந்து சந்தேகமான ஒவ்வொரு கண்ணாடி போன்ற பெட்டியையும் அக்கா மடித்துப் பார்க்கிறார். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் தள்ளி வைத்துவிடுவார்.

எனக்கு மிகப் பிடித்த சரக்கு பால் கவர். மேலே என்ன அச்சடித்திருந்தாலும் அது பாலித்தீன் ஒன்றாலேயே ஆனது. மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும், சிப்ஸ் பாக்கெட் மாதிரி சலசலக்காது. உருக்கினால் குருணையாகி, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கறுப்புக் குழாயாகவோ தார்ப்பாயாகவோ வரும். அரை லிட்டர் கவர் இரண்டரை கிராம்தான் இருக்கும். நானூறு சேர்ந்தால்தான் ஒரு கிலோ. அதாவது தினம் ஒரு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஒரு வருஷத்துக்கும் மேல் சேர்த்தால் ஒரு கிலோ. அப்படிச் சேர்த்து, கட்டுக்கட்டாக நூல் சுற்றிக் கொண்டுவரும் பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அந்தக் கட்டை வாங்கும்போது கை தானாக மரியாதை கொடுக்கிறது.

அவர்களிடம் அக்கா சொல்லும் புத்திமதி ஒன்று: “காதை அறுக்காதீங்கம்மா.” கவரின் மூலையைக் கத்தரிக்கும்போது விழும் சிறு முக்கோணத்தைத்தான் அவர் காது என்கிறார். அந்தக் காது யார் தராசுக்கும் வராது. சிங்க்கில் விழுந்து சாக்கடைக்குப் போகும், அல்லது காற்றில் பறந்து வாய்க்காலுக்குப் போகும். முழுதாக வெட்டாமல், ஓரத்தில் ஒட்டியபடியே விட்டால் கவரோடு கவராக வந்துவிடும். அரை அங்குலம் முன்னால் கத்தரியை நிறுத்தினால் போதும்.

இன்னொன்று கழுவுவது. கழுவாத பால் கவர் இரண்டே நாளில் புழு வைத்துவிடும். சாக்கைப் பிரிக்கிற கைக்குத்தான் அந்த நாற்றம். எங்கள் அம்மா பாலைக் காய்ச்சும்போதே கவரில் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் பால் சட்டியில் ஊற்றிவிடுவார். பாலும் வீணாகாது, கவரும் சுத்தம். பிறகு அடுப்பங்கரை ஜன்னல் கம்பியில் செருகிவிட்டால் காய்ந்துவிடும். தனியாகத் தண்ணீர் செலவே இல்லை.

கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஷாம்பூ பாட்டில், பினாயில் பாட்டில், எண்ணெய் கேன், ஐஸ்கிரீம் டப்பா எல்லாவற்றுக்கும் கிராக்கி உண்டு. வாளியாக, குடமாக, பூந்தொட்டியாகத் திரும்பி வரும். பார்சல் பிரியாணி வரும் கறுப்பு டப்பாவும் நல்ல பிளாஸ்டிக்தான். ஆனால் கறுப்பை வேறு எந்த நிறமாகவும் மாற்ற முடியாது என்பதால் விலை குறைவு, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் அதுவும் கிடையாது. தயிர் கப்பில் இரண்டு ஜாதி. அக்கா விளிம்பை விரலால் வளைப்பார். வளைந்து கொடுத்தால் எங்களுக்கு. ‘டிக்’கென்று உடைந்தால் அது பாலிஸ்டைரீன், எண் 6; எங்கள் ஊரில் அதற்கு வாங்க ஆள் இல்லை. தெர்மாகோலும் அதே பொருளைக் காற்றடித்துப் பொரித்ததுதான். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் காற்று. டி.வி. பெட்டியில் வந்த தெர்மாகோல் வண்டி முழுக்க அடைத்துக்கொள்ளும், தராசில் வைத்தால் முள் அசையாது. இது காற்றைக் கொண்டுபோகிற செலவு என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் எடுப்பதில்லை.

அட்டைப்பெட்டியைப் பற்றிப் பயமே வேண்டாம். அட்டையில் உள்ள நார் ஐந்தாறு முறை கூழாகித் திரும்ப அட்டையாகத் தாங்கும். பசை டேப்பைக் கிழித்துவிட்டு, பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, மழையில் நனையாமல் வைத்திருந்தால் போதும். தீபாவளிக்கு மறுநாள் வரும் ஸ்வீட் பெட்டிகள்தான் தலைவலி. வெளியே பளபளப்பு, உள்ளே நெய். நெய் ஊறிய நார் தண்ணீரில் கூழாகாது. பளபளப்பை ஒரு மூலையில் கிழித்துப் பாருங்கள். பஞ்சு பஞ்சாக நார் தெரியக் கிழிந்தால் அட்டை. கிழிபடாமல் மெல்லிய தோல் ஒன்று இழுபட்டு நீண்டால் மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது. நெய்ப் பெட்டியில் மூடி சுத்தமாக இருந்தால் மூடியை மட்டும் கிழித்துத் தாருங்கள், எடுத்துக்கொள்கிறோம்.

பேப்பர் கப்புக்கும் அந்தத் தோல்தான் பிரச்சினை. டீ ஊறாமல் இருக்க உள்ளே பாலித்தீன் பூச்சு. பேப்பர் என்ற பெயரை நம்பி மூட்டை மூட்டையாகக் கல்யாண மண்டபத்திலிருந்து கொண்டுவருவார்கள். திருப்பி அனுப்பும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும். அதனால் மதுரையில் ஜிகர்தண்டாவைக் கண்ணாடி டம்ளரில் கொடுக்கும் கடைகளைத் தேடித்தான் நான் போகிறேன். பழச்சாறு வரும் டெட்ரா பேக் பெட்டியில் முக்கால் பங்கு அட்டை, ஐந்தில் ஒரு பங்கு பாலித்தீன், மீதி அலுமினியத் தகடு. அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆலைகள் இந்தியாவில் இருக்கின்றன, ஆனால் கொஞ்சம்தான். எங்களைப் போன்ற சின்னக் கடையில் அந்த அளவுக்குச் சேர்வதில்லை.

உலோகத்தைப் பற்றி எந்தப் பழைய இரும்புக்காரரைக் கேட்டாலும் முகம் மலரும். டின்னுக்குக் காந்தம் ஒட்டும், அலுமினியத்துக்கு ஒட்டாது, அவ்வளவுதான் பாடம். பாக்சைட் மண்ணிலிருந்து புது அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும், பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்கிவிடலாம். அதனால்தான் கூல்டிரிங்ஸ் கேன் தெருவில் கிடப்பதைப் பார்க்க முடியாது. யாராவது பொறுக்கிவிடுவார்கள்.

கண்ணாடி இதற்கு நேர்மாறு. எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாத பொருள், ஆனால் கனம் அதிகம், விலை அற்பம், கையைக் கிழிக்கும். கண்ணாடியை உருக்குவதைவிடக் கழுவித் திரும்ப நிரப்புவதுதான் எனக்கு உசத்தியாகப் படுகிறது. பவண்டோவைக் குடித்துவிட்டுப் பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்தால் கிரேட்டில் அடுக்கி கம்பெனிக்கே திரும்ப அனுப்பிய காலத்தில் வளர்ந்தவள் நான். 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்ட பிறகு வந்தது அது. பத்து ரூபாய் என்றதும் பாட்டில்கள் காட்டிலிருந்து நடந்தே திரும்பி வந்தன. எந்தப் பொருளுக்கும் கீழே குனிகிற அளவுக்கு ஒரு விலை இருந்தால் அது தெருவில் கிடக்காது.

அந்த விலையே இல்லாதவைதான் பாக்கி. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் தாள், மசாலாப் பொட்டலம், ஷாம்பூ சாஷே. சிப்ஸ் பாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினால் வெள்ளியாக மின்னும். பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினிய ஆவியைப் படியவைத்து, அதை அச்சடித்த இன்னொரு படலத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். காற்றும் வெளிச்சமும் புகாமல் மொறுமொறுப்பு கெடாமல் இருக்க அது வேண்டியிருக்கிறது. ஆனால் ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. பல சாஷேக்களில் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக். மாத்திரை அட்டையில் ஒரு பக்கம் பி.வி.சி., மறுபக்கம் அலுமினியம்.

சாஷேயைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் மனசு இரண்டாகப் பிரியும். சின்னப் பொட்டலத்தில் ஷாம்பூவை அடைத்து விற்கலாம் என்று முதலில் துணிந்தவர்களில் கடலூர் சின்னி கிருஷ்ணன் முக்கியமானவர். பாட்டில் வாங்க வசதியில்லாத கூலிக்காரக் குடும்பமும் வாங்க வேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள். தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு ஷாம்பூ பாக்கெட் கிடைத்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. அந்தக் காலிப் பாக்கெட் ஒன்று ஒரு கிராம்கூட நிற்காது. அதைப் பொறுக்க ஒருவர் ஆயிரம் முறை குனிந்தாலும் ஒரு கிலோ சேராது. குறை வாங்கியவரிடமும் இல்லை, பொறுக்காதவரிடமும் இல்லை. அடைத்தவர்கள்தான் திரும்ப எடுக்கவும் பொறுப்பு. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

இந்தச் சரக்குக்கு எங்கள் ஊரிலேயே ஒருவர் வழி கண்டார். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன். ரோடு போடுவதற்கு ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டு ஜல்லியில் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோலாகப் படிந்துகொள்ளும். அதன் மேல் தார் நன்றாகப் பிடிக்கும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. 2000-களின் தொடக்கத்திலிருந்து இப்படிப் போட்ட ரோடுகள் தமிழ்நாட்டில் நிறைய. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரி பேக்கும் சிப்ஸ் பாக்கெட்டும் அதில் சேரும். பி.வி.சி. மட்டும் அங்கேயும் ஆகாது. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளின் சூளைக்கும் இந்த வகைப் பிளாஸ்டிக் எரிபொருளாகப் போகிறது.

இரண்டும் குப்பைமேட்டில் புகைவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் மறுசுழற்சி என்று அவற்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பால் கவர் குழாயாகி, குழாய் உடைந்தால் திரும்ப என் கடைக்கே வரும். ரோட்டுக்குப் போனது ரோட்டோடு சரி, சூளைக்குப் போனது புகையோடு சரி.

மக்கும் பை என்று போட்டு வரும் கேரி பேக்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொட்டால் பாலித்தீன் மாதிரியே இருக்கும், ஆனால் பாலித்தீன் இல்லை. உரம் தயாரிக்கும் இடத்தின் சூட்டில்தான் சரியாக மக்கும். பால் கவரோடு கலந்து வந்தால் குருணையைக் கெடுத்துவிடும். தயவுசெய்து எங்களிடம் தராதீர்கள்.

நேற்று எதிர்வீட்டு மதினி ஒரு பெரிய பை கொண்டுவந்தார். அக்கா அதைத் தரையில் கொட்டிப் பிரித்தார். பால் கவர் கட்டு ஒன்று, காது அறுக்காதது. தண்ணீர் பாட்டில், எல்லாவற்றிலும் பொட்டு. அட்டை. ஒரு டின். கடைசியில் ஒரு கைப்பிடி ஷாம்பூ சாஷேயும் பிஸ்கட் தாளும் தரையில் நின்றன. மதினி அதைப் பார்த்து, “இதை என்ன செய்யட்டும்?” என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் கடையின் மூலையிலிருந்த தனிச் சாக்கில் போட்டார். அந்தச் சாக்கை நாங்கள் எடை போடுவதில்லை. நிரம்பியதும் வாயைத் தைத்து மாநகராட்சி வண்டியில் சும்மா ஏற்றிவிடுகிறோம். இந்த மாதம் இது மூன்றாவது சாக்கு.